கரிசல் மண்ணில் கிரில் மேடை: பேவரா, கருங்கல்லா, கான்கிரீட் தளமா?

எட்டடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்தில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வைத்து, வீட்டுக்கு வெளியே கிரில் (இறைச்சி, காய்கறி சுடும் அடுப்பு) பதிக்க மேடை கட்டினால், கிரானைட் ஏற்றும் முன்பே எடை 2 டன்னைத் தாண்டிவிடும். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசலில் இதை எதன்மேல் நிறுத்துவது?

பேவர் (மணல்மேல் பதிக்கும் சிமெண்ட் கல்) தரை ஏற்கெனவே இருந்தால் அதன்மேலேயே கட்டத் தோன்றும். செலவும் இல்லை. 60 மி.மீ. கல் உடையாது, ஆனால் அடியில் மணல் படுகை, கற்களோ தனித்தனி. ஒரு மூலை இறங்கினால் போதும், கிரிலுக்காகக் கிரானைட்டில் வெட்டிய திறப்பின் முனையில் விரிசல் ஓடும். சக்கரம் வைத்த கிரிலை நிறுத்த மட்டும் பேவர் சரி.

கருங்கல் அஸ்திவாரத்தைச் செம்மண்ணில் தயங்காமல் போடலாம். கரிசல் அப்படியில்லை. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊதும். கல்கட்டுக்கு இழுவையைத் தாங்கும் வலு கிடையாது, இணைப்புகளில் பிளந்துகொள்ளும்.

என் தேர்வு கம்பி கட்டிய கான்கிரீட் தளம். மேடையைவிடச் சுற்றிலும் ஓரடி கூடுதலாக, 10க்கு 5 அடி, கனம் 5 அங்குலம். 10 மி.மீ. கம்பியை 8 அங்குல இடைவெளியில் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பின்னி, கம்பி மண்ணைத் தொடாமல் தூக்கிப் பிடிக்கக் கவர் பிளாக் வைத்து, 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவை போட்டால் ஏறக்குறைய 5 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். மண் அசைந்தாலும் தளம் ஒரே துண்டாக அசையும், மேடை பிளக்காது.

இதில் பலர் தவறுவது தளத்துக்கு அடியில்தான். கரிசலை இரண்டடி தோண்டி ஆற்றுமணலோ எம்-சாண்டோ நிரப்புகிறார்கள். அந்தக் குழி மழைநீரைத் தொட்டிபோலத் தேக்கி, கீழே உள்ள கரிசலுக்கே ஊட்டும். அதற்குப் பதில், ஊதாத செம்மண் கிராவலை அரையடி அரையடியாகக் கொட்டி, ஈரமாக்கி, இடித்து இறுக்க வேண்டும். சிங்க் தண்ணீரையும் அருகில் விடக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் ஊறினால் தளமே சாயும். வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் இடையில் தெர்மாகோல் வையுங்கள், கேஸ் இணைப்புக்கும் வளையும் குழாயே நல்லது.

ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்காகவே உருவாக்கிய, அடி பெருத்த பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) முறையும் உண்டு. சுமார் 3.5 மீட்டர் ஆழத்தில், ஈரம் அதிகம் மாறாத மண்ணில் ஊன்றும். மேடைக்கு மட்டும் அது மிகை. தூண் நிறுத்திக் கூரையும் போடுவதானால் பொறியாளரிடம் கேளுங்கள்.