≤ இருக்க வேண்டிய இடத்தில் 6: எக்ஸ்டிவிஐயோடு 15 வருடம்

போன வாரம் இரவு பத்து மணிக்கு ஒரு தம்பி கூப்பிட்டான். பள்ளிக் கணக்குப் பாட வினாத்தாள்களை அச்சுக்கோர்த்துக் கொடுப்பது அவன் தொழில். லாடெக் என்ற அச்சுக்கோர்ப்பு நிரலை என்னிடம்தான் கற்றுக்கொண்டான். "அண்ணே, எக்ஸ் 6 ஒய்னு வருதுண்ணே. கோப்புல ≤ சரியாத்தான் அடிச்சிருக்கேன். மூணு தடவை ஓட்டியும் அதே 6தான்."

கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. இதே 6 எனக்கும் ஒருமுறை வந்திருக்கிறது. மெய்ப்புப் பார்த்தவர் கண்ணில் பட்டதால் தப்பித்தேன்.

லாடெக் உருவாக்கும் டிவிஐ கோப்பைத் திரையில் காட்டும் பார்வை நிரல்தான் எக்ஸ்டிவிஐ. அதைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் மனசு கேட்காது. 15 வருடமாக என் மேசையில் இருக்கிறது. 300 பக்கக் கோப்பைக் கண் சிமிட்டும் நேரத்தில் திறக்கும். திருத்தி மறுபடி ஓட்டினால், நான் பார்த்துக்கொண்டிருந்த அதே பக்கத்தில் புதிய வடிவம் வந்து நிற்கும். சுட்டியை அழுத்திப் பிடித்தால் ஒரு பூதக்கண்ணாடி விரியும். அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஒரு கீழ்க்குறியின் வால்கூடத் தெரியும். கன்ட்ரோலோடு சொடுக்கினால் மூலக் கோப்பில் அதே வரிக்குக் கொண்டுபோகும். இந்தக் கடைசி வசதியை இப்போது சிங்க்டெக் என்ற கருவி பிடிஎஃப்புக்கும் தருகிறது, அதனால் அதை மட்டும் வைத்துப் பெருமைப்பட முடியாது. அந்தப் பூதக்கண்ணாடிக்கு ஈடு நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

சரி, 6 எங்கிருந்து வந்தது?

டிவிஐ கோப்புக்குள் எழுத்தின் உருவம் கிடையாது. இந்த ஃபான்ட் (எழுத்துரு), இந்த அளவு, 54-வது எழுத்து, இந்த இடத்தில் வை என்ற குறிப்புதான் இருக்கும். லாடெக்குக்கு அடியில் இருக்கும் டெக் ஓடும்போதுகூட அகல உயரக் கணக்கு உள்ள டிஎஃப்எம் கோப்பு மட்டும் போதும். அதனால் ஓட்டும்போது ஒரு பிழையும் வராது. உருவத்தைத் தேடி எடுப்பது பார்வை நிரலின் வேலை. தேடிக் கிடைக்காவிட்டால், எழுத்தை வரைந்து தரும் மெட்டாஃபான்ட் நிரலை ஓட்டிப் புள்ளிப்படமாகச் செய்யச் சொல்லும். அதுவும் தோற்றால்தான் சிக்கல்: எக்ஸ்டிவிஐ வேறொரு ஃபான்ட்டை எடுத்து அந்த இடத்தில் போட்டுவிடும். வழக்கமாக அது சிஎம்ஆர்10, டெக்கின் சாதாரண எழுத்து ஃபான்ட்.

சாய்ந்த கோடு போட்ட ≤ இருப்பது எம்எஸ்ஏஎம்10 என்ற ஏஎம்எஸ் (அமெரிக்கக் கணிதச் சங்கம்) குறியீட்டு ஃபான்ட்டில், 54-வது இடத்தில். சிஎம்ஆர்10-இல் 54-வது இடத்தில் இருப்பது 6. அதே வகை ≥ 62-வது இடம். அங்கே சிஎம்ஆரில் இருப்பது ¿, தலைகீழ்க் கேள்விக்குறி. தலைகீழ்க் கேள்விக்குறி வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். 6 வந்தால் வராது. "எக்ஸ் 6 5" என்பதை அவசரத்தில் படிப்பவர் ஏதோ இடைவெளிப் பிசகு என்று நினைத்துக் கடந்துவிடுவார்.

இதைவிட மோசமானதும் உண்டு. மெய்யெண்களின் கணத்துக்கு இரட்டைக்கோட்டு ஆர் போடுவோம். அது எம்எஸ்பிஎம்10 என்ற இன்னொரு ஏஎம்எஸ் ஃபான்ட்டில், சாதாரண ஆர் இருக்கும் அதே எண்ணில் இருக்கிறது. அந்த ஃபான்ட் கிடைக்காவிட்டால் வெறும் ஆர் வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கம் அழகாக இருக்கும், பொருள் மாறியிருக்கும். இயற்கணிதத்தில் வெறும் ஆர் என்றால் வளையம் (ரிங்) என்ற வேறொரு கணித அமைப்பு என்று எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

என் கோபம் இங்கேதான். ஃபான்ட் கிடைக்கவில்லை என்றால் வெற்றிடம் விடு. டிவிஐயை அச்சுக்கான போஸ்ட்ஸ்கிரிப்ட்டாக மாற்றும் டிவிப்ஸ் அப்படித்தான் செய்கிறது: எழுத்துரு கிடைக்கவில்லை, எழுத்துகள் வெற்றாக விடப்படும் என்று சொல்லி, விட்டுவிடும். ஓட்டையைப் பார்த்தவன் தேடுவான். தவறான எழுத்தைப் பார்த்தவன் ஏன் தேடப்போகிறான்?

நியாயமாகச் சொன்னால், எக்ஸ்டிவிஐ மறைக்கவில்லை. இந்த ஃபான்ட் கிடைக்கவில்லை, பதிலாக இதைப் போடுகிறேன் என்று முனையத்தில் (கட்டளை அடிக்கும் சாளரத்தில்) ஒரு வரி எழுதுகிறது. ஆனால் கோப்பை எழுதும் எடிட்டருக்குள்ளிருந்து திறப்பவர்கள் முனையத்தைப் பார்ப்பதே இல்லை. தம்பியும் பார்க்கவில்லை.

பழுது பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அவன் வேலை செய்யும் அடைவில் மிஸ்ஃபான்ட்.லாக் என்று ஒரு கோப்பு இருக்கும், அதைத் திறக்கச் சொன்னேன். தோற்றுப்போன ஒவ்வொரு கட்டளையும் அதில் ஒரு வரியாக இருக்கும். எம்எஸ்ஏஎம்10-க்கான வரியை எடுத்து முனையத்தில் அப்படியே ஓட்டினோம். உடனே உண்மைக் காரணம் வெளியே வந்தது: எழுத அனுமதி இல்லை. எப்போதோ சூடோ போட்டு, அதாவது நிர்வாகி உரிமையோடு, லாடெக்கை ஓட்டியிருக்கிறான். ஃபான்ட் சேமிக்கும் அடைவு ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாகிவிட்டது. சிஎம்ஆர் பழைய சேமிப்பில் இருந்ததால் பாதிப் பக்கம் ஒழுங்காக வந்து ஏமாற்றியிருக்கிறது. அடைவை அவன் பெயருக்கு மாற்றியதும் ≤ வந்துவிட்டது.

அப்புறம்தான் இன்னொன்று புரிந்தது. கோட்டுருவமாக ஏற்கெனவே இருக்கும் டைப் 1 ஃபான்ட்டுகளை நேரடியாக எடுத்திருந்தால் மெட்டாஃபான்ட் வரைக்கும் போயிருக்கவே வேண்டாம். அதை அணைத்து வைத்திருந்தது நான் கொடுத்த பழைய அமைப்புக் கோப்பு. சிறிதாக்கிப் பார்க்கும்போது புள்ளிப்படம் என் கண்ணுக்குத் தெளிவாக இருந்ததால் எனக்காக அணைத்தது. அதை யோசிக்காமல் அவனுக்கும் கொடுத்திருக்கிறேன். அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன், அவனிடம் மன்னிப்பும் கேட்டேன்.

"வேற பார்வை நிரலுக்கு மாறட்டுமாண்ணே?" என்றான். மாறு என்றேன். பிடிஎஃப்பாகவே எடு, பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளையை ஓட்டி எல்லா ஃபான்ட்டும் உள்ளே பதிந்திருக்கிறதா என்று பார், அதற்குப் பிறகு அச்சுக்கு அனுப்பு என்றேன்.

என் கணினியிலிருந்து எக்ஸ்டிவிஐயை நான் எடுக்கவில்லை. இன்று காலையும் 40 பக்க வழிகாட்டி ஒன்றை அதில்தான் புரட்டினேன், பூதக்கண்ணாடியில் இரண்டு கீழ்க்குறிப் பிழைகள் சிக்கின. ஆனால் பிள்ளைகள் கைக்குப் போகும் தாளுக்கு அதன் திரையை மட்டும் நம்பி இனி ஒப்புதல் தர மாட்டேன்.