அப்பாயியின் தகரப் பெட்டியும் ஒரு ஸ்கேனரும்: சில வருஷ அனுபவம்

பழைய குடும்பப் போட்டோக்களைப் பத்திரப்படுத்த ஸ்கேனர் வாங்கணுமா, போனே போதாதா என்று சொந்தத்தில் நிறைய பேர் கேட்கிறார்கள். இரண்டையும் சில வருஷமாகப் பயன்படுத்தி வருகிறேன். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஸ்கேனரைத்தான் சொல்வேன். படம் நன்றாக வரும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அது மெதுவாக வேலை செய்யும் என்பது. ஒரு போட்டோவுக்கு அரை நிமிஷம், முக்கால் நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில்தான் எங்கள் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, பேசுவார்.

எங்கள் வீடு கொல்லம் மாவட்டத்தில், குளத்துப்புழைப் பக்கம். தென்மலை, ஆரியங்காவு தாண்டினால் புளியரை, அப்புறம் செங்கோட்டை. 1964இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையில், பெரும்பாலும் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்வதாக இந்தியா ஒத்துக்கொண்டது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினரை இங்கே ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்கள். அதற்காகவே மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து 1976இல் புனலூரில் ரிஹாபிலிட்டேஷன் பிளான்டேஷன்ஸ் கம்பெனியை ஆரம்பித்தன. தாத்தாவும் அப்பாயியும் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, இந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள். தேயிலைக் கொழுந்து கிள்ளிய கை இங்கே ரப்பர் மரத்தில் பால்வெட்டப் பழகிக்கொண்டது. கூட வந்த சாமான்களில் இன்றைக்கும் மிஞ்சியிருப்பது ஒரு தகரப் பெட்டி. போட்டோக்கள் அதில்தான் இருந்தன.

சரி, மெஷினுக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது ஏ4 அளவுள்ள மெல்லிய ஃபிளாட்பெட், கண்ணாடிமேல் படத்தைக் கவிழ்த்து வைக்கிற வகை. தனியாக கரண்ட் வயர் கிடையாது, யு.எஸ்.பி. வயரிலேயே ஓடிவிடும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தால் வேலை நிற்காது. எடை குறைவு என்பதால் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். தென்காசியில் இருக்கும் தங்கச்சி வீட்டு ஆல்பத்தை அங்கேயே உட்கார்ந்து முடித்தேன்.

சாதாரணப் போட்டோக்களுக்கு 600 டி.பி.ஐ. வைக்கிறேன், அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி. 300 வைத்தால் அதே அளவில் திரும்பப் பிரிண்ட் போடலாம், அவ்வளவுதான். 600 வைத்தால் இரண்டு மடங்கு பெரிதாக்கலாம். 4க்கு 6 அங்குலப் போட்டோ 2400க்கு 3600 புள்ளியாக வரும், சுருக்காத டிஃப் ஃபைலாகச் சேமித்தால் 25 எம்.பி.க்குப் பக்கம் பிடிக்கும். பாஸ்போர்ட்டில் ஒட்டுகிற அளவுச் சின்னப் படங்களுக்கு மட்டும் 1200. கலரைத் தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிடுவேன். 80களின் கலர் போட்டோக்கள் பல இப்போது செம்மண் தூவியது போலச் சிவந்துவிட்டன. அந்தச் சிவப்போடவே முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, இன்னொரு பிரதியில்தான் நிறத்தைச் சரிசெய்கிறேன். அவற்றைவிடப் பழைய கறுப்பு-வெள்ளைப் படங்கள் கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன. அவற்றில் உருவம் வெள்ளித் துகளால் ஆனது. கலர்ப் படத்தில் இருப்பது சாயம், அது வெளுத்துவிடும்.

இந்த மெஷின் எனக்கு எதற்காகப் பிடித்தது என்பதை ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன்.

லயத்து இஸ்தோப்புக்கு முன்னால், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் திண்ணைக்கு முன்னால், எடுத்த ஒரு குரூப் போட்டோ. உள்ளங்கையைவிடச் சின்னது, ஓரமெல்லாம் பல்பல்லாக வெட்டிய பழைய பிரிண்ட். ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் எடுத்தது. பின்வரிசையில் நிற்பவர்களின் முகம் கடுகளவுதான் இருக்கும். அப்பாயி கண்ணாடி போட்டாலும் இப்போது அந்த முகங்கள் தெரியாது. ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கியதும், ஒவ்வொரு முகமும் உள்ளங்கை அளவுக்கு வந்து நின்றது. அப்பாயி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அந்தா, தூணப் புடிச்சிக்கிட்டு நிக்கிறது ஒங்க பெரியத்தே. பக்கத்துல கூட தெரியிது பாரு, அது எங்கூட. அன்னிக்கிப் பெரட்டுக்குப் போகல. படம் புடிக்கிறவரு வராருன்னு நின்னுட்டோம்."

பெரட்டு என்றால் காலையில் தோட்டத்து வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம். அந்தக் கொழுந்துக் கூடை இருப்பதே அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. கதவோரத்தில் கறுப்பாக ஏதோ இருந்தது, அவ்வளவுதான். பெரிதாக்கியபோது பிரம்புப் பின்னல்வரை தெரிந்தது. கூடையிலிருந்து படங்குக்குப் போனார். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற அந்தச் சாக்கு மழையில் நனைந்தால் எவ்வளவு கனக்கும் என்று சொன்னார். பீலிக்கரையில், லயத்துக்காரர்கள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில், வரிசை நின்றதைச் சொன்னார். பின்வரிசையில் இருந்தவர்கள் யார் யார், எங்கே போனார்கள் என்றும் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு குடும்பம் நீலகிரிக்கு, தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்துக்குப் போனது. ஒரு குடும்பம் கர்நாடகத்தில் சுள்ளியாப் பக்கம், அங்கேயும் ரப்பர்தான். நாங்கள் இங்கே. ஓரத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் சித்தப்பா முறைக்காரர் இலங்கையிலேயே தங்கிவிட்டார். ஒரே லயத்தில் சுவரைச் சுவர் ஒட்டி இருந்தவர்கள் நாலு திசைக்குப் போனார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். எந்த முகம் எந்தத் திசைக்குப் போனது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

போனில் எடுத்திருந்தால் இது நடந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். போனில் ஒரு ஆல்பத்தைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடலாம். முடித்துவிட்டுப் பெட்டியை மூடிவிடுவோம். ஸ்கேனரில் ஒவ்வொரு படமாக வைத்து, மூடி, விளக்கு நகர்ந்து முடிவதைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். அடுத்த படம் அப்பாயி கையில் தயாராக இருக்கும். கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது.

அவர் பேசும்போது போன் ரெக்கார்டரை ஓடவிடுவேன். இதில் ஒரு சின்ன ஒழுங்கு வைத்திருக்கிறேன், எல்லாருக்கும் இதைச் சொல்வேன்: படத்தின் நம்பரும் குரல் ஃபைலின் நம்பரும் ஒன்றாக இருக்கவேண்டும். 0112 என்ற படத்துக்கு 0112 என்ற குரல். இல்லாவிட்டால் பிறகு எந்தப் பேச்சு எந்தப் படத்துக்கு என்று தேடி அலையவேண்டும். போனை மேசையில் அப்படியே வைக்காமல் துண்டை மடித்து அதன்மேல் வைத்தால் ஸ்கேனரின் உறுமல் குறையும். மழை பெய்தால் மட்டும் எதுவும் செய்வதற்கில்லை. எங்கள் கூரை தகரம். அன்றைக்கு ஸ்கேன் மட்டும் நடக்கும், அப்பாயி காப்பி குடித்துக்கொண்டு வெறுமனே பார்த்திருப்பார்.

பெயர் எழுதுவதில் எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. என் மகள் மலையாள மீடியத்தில் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். போட்டோக்களின் பின்பக்கம் தாத்தா தமிழில் எழுதி வைத்திருப்பது அவளுக்குப் பாதிதான் பிடிபடும். அதனால் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்கிறேன். அப்புறம் ஒரு ஷீட்டில் நம்பர், யார் யார், எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருஷம் என்று தமிழில் நான் எழுதுகிறேன். பக்கத்துக் கட்டத்தில் அதையே மலையாளத்தில் அவள் எழுதுகிறாள். அவளை உட்காரவைக்க முதலில் கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருந்தது. இப்போது அப்பாயியிடம் கேள்வி கேட்பது அவள்தான். நான் கேட்கத் தோன்றாததையெல்லாம் கேட்கிறாள். அந்தக் குழந்தை ஏன் செருப்புப் போடவில்லை, இந்த ரேடியோவை ஏன் நடுவில் வைத்திருக்கிறார்கள் என்று. ரேடியோவை நடுவில் வைத்து எடுத்த படம் இங்கே வந்த பிறகு எடுத்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை இங்கே கேட்கும் என்பதற்காகவே தாத்தா காசு சேர்த்து வாங்கியது அது. அதைச் சொல்லும்போது அப்பாயியின் குரல் மாறியது. அந்தப் பதிவை நான் அடிக்கடி கேட்கிறேன்.

கல்யாணம், காதுகுத்து போட்டோக்களைவிட இந்த மாதிரி அன்றாடப் படங்களில்தான் அதிகம் கிடைக்கிறது. அப்பா பால்கத்தியோடு மரத்தடியில் நிற்பது, குளத்துப்புழை ஆற்றில் கோயில் மீன்களுக்குப் பொரி போடுவது, தென்மலை பதின்மூன்று கண்ணறைப் பாலத்தில் மீட்டர் கேஜ் ரயில் போகும்போது பக்கத்து வீட்டுப் பையன்கள் கைகாட்டுவது. அந்த ரயில் 2010இல் நின்று, 2018இல் அகலப்பாதையாகத் திரும்ப வந்தது. செங்கோட்டைச் சந்தைக்கு அந்த ரயிலில்தான் போவோம் என்று நான் சொன்னால் மகள் தலையாட்டுவாள். படத்தைப் பார்த்ததும் பெட்டி ஏன் இவ்வளவு குட்டியாக இருக்கிறது என்று கேட்டாள்.

குறைகளும் உண்டு. மெல்லிய ஸ்கேனர்களில் இருக்கும் சென்சார், கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பதை மட்டுமே தெளிவாக எடுக்கும். வளைந்த போட்டோ, தடித்த அட்டையில் ஒட்டிய ஸ்டுடியோப் படம், சட்டம் போட்ட படம் எதுவும் சரியாக வராது. சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட போட்டோவைப் பிய்க்கவே கூடாது, அதைப் போனிலோ கேமராவிலோ எடுப்பதுதான் நல்லது. பட்டுத்துணி மாதிரிச் சொரசொரப்பான காகிதத்தில் போட்ட பிரிண்ட்களில் ஸ்கேனரின் வெளிச்சம் பட்டுப் புள்ளிபுள்ளியாகத் தெரியும். அவற்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் போனில் எடுக்கிறேன். பிசின் தடவிய ஆல்பங்களில் படங்கள் பலமாக ஒட்டிக்கொள்கின்றன. பல்லிடுக்கில் விடுகிற ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, இப்படியும் அப்படியுமாக மெல்ல இழுத்தால் பெரும்பாலும் கழன்று வரும். வராததை ஆல்பத்தோடவே கண்ணாடியில் கவிழ்த்துவிடுவேன்.

ஈரம்தான் எங்கள் ஊரின் பெரிய எதிரி. ரெண்டு பருவமழையும் இங்கே கொட்டும். ஸ்கேனரை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். போட்டோக்களும் இப்போது அப்படித்தான். தகரப் பெட்டியில் அப்பாயியின் சேலைகள் இருக்கின்றன.

படத்தைப் பளபளப்பாக்குவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தாத்தாவும் அப்பாயியும் சேர்ந்திருக்கும் ஒரே படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். கம்ப்யூட்டரில் 'சரிசெய்து' கொடுத்தார்கள். அப்பாயியின் கையில் இருந்த பச்சைக்குத்து காணாமல் போயிருந்தது. தாத்தாவின் கன்னத் தழும்பும் இல்லை. கண் இரண்டும் வேறு யாருடையதோ. அப்பாயி பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. முகத்தைத் தானாகத் தெளிவாக்கும் செயலிகளும் இதையேதான் செய்கின்றன: இல்லாததைக் கற்பனை செய்து நிரப்புகின்றன. தூசி, கீறல், மங்கிய நிறம் இவற்றை மட்டும் நீக்குங்கள். முகத்தில் கை வைக்கவே வேண்டாம்.

சேமிப்புக்கு ரெண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று இங்கே, ஒன்று தென்காசியில் தங்கச்சி வீட்டில். கூகுள் போட்டோஸிலும் சின்ன அளவுப் பிரதிகள் இருக்கின்றன. 2021 ஜூனிலிருந்து ஏற்றுகிற படங்கள் கூகுள் கணக்கின் இலவச 15 ஜி.பி.க்குள்தான் கணக்காகும், ஆகவே பெரிய ஃபைல்களை அங்கே போடுவதில்லை. நீலகிரியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புகிறேன், இல்லாவிட்டால் சுருக்கிவிடும்.

ஃபிலிம் நெகட்டிவ் நிறைய வைத்திருப்பவர்கள் இந்த வகை ஸ்கேனரை வாங்க வேண்டாம். நெகட்டிவுக்கு மேலிருந்து வெளிச்சம் வேண்டும், அந்த வசதியுள்ள தடித்த வகையைப் பாருங்கள், விலை கூடத்தான் இருக்கும். எங்களிடம் இருந்த நெகட்டிவ்கள் கொஞ்சம்தான், அதனால் இதுவே போதுமாக இருந்தது. கோத்தகிரியில் ஒரு அத்தை வீட்டில் இன்னொரு பெட்டி இருப்பதாக அப்பாயி சொல்கிறார். மகளின் முழுப்பரீட்சை லீவில் ஸ்கேனரையும் அப்பாயியையும் கூட்டிக்கொண்டு அங்கே போகலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். மலைப்பாதை அப்பாயிக்கு ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரிடம் கேட்கவேண்டும்.