ஏஐ ஏஜென்ட்டுக்காகக் கருவி விளக்கம் எழுதிய 14 மாதங்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல், உரக் கடைக்கு நான் எழுதித் தந்த கணக்கு மென்பொருளை, 14 மாதங்களாக ஓர் ஏஐ ஏஜென்ட் வழியாகவும் பயன்படுத்தி வருகிறோம். முதலாளி போனில் தமிழில் கேட்பார், ஏஜென்ட் பொருத்தமான கருவியை, அதாவது மென்பொருளில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் பகுதியை, அழைத்துப் பதில் சொல்லும். இணைப்புக்கு, ஏஐயை வெளி மென்பொருள்களோடு இணைக்க ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி முறையை எடுத்துக்கொண்டேன். அந்த வேலை இரண்டு நாளில் முடிந்தது. கருவிகளுக்கு விளக்கம் எழுதும் வேலை இன்றுவரை முடியவில்லை.

ஒரு கருவியைப் பற்றி மாடலுக்கு, அதாவது ஏஜென்ட்டுக்குள் இருக்கும் ஏஐக்கு, போவது அதன் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்று சொல்லும் படிவம் (ஜேசன் ஸ்கீமா), அவ்வளவுதான். உள்ளே இருக்கும் நிரல் அதன் கண்ணில் படாது. இது தெரிந்தும் நான் முதலில் எழுதியது, "கொள்முதலைப் பதிவு செய்யும்" என்ற ஒற்றை வரி. உள்ளீடு: அளவு, தேதி.

அறுவடை சமயத்தில் முதலாளி "100 மூட்டை வரவு வை" என்றார். எங்கள் கடையில் மூட்டை என்றால் 60 கிலோ. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். ஏஜென்ட் 40 என்று எடுத்துக்கொண்டு 4,000 கிலோ பதிந்துவிட்டது. வந்திருந்தது 6,000 கிலோ. சாயங்காலம் பேரேட்டைப் பார்த்த கணக்கப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, மூட்டைன்னா எந்த மூட்டைன்னு அதுக்குச் சொல்லி வெச்சியா?"

சொல்லி வைக்கவில்லை. கடைக்குப் புதிதாக வரும் பையனுக்கும் நாங்கள் சொல்வதில்லைதான், ஆனால் அவன் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்வான். அன்று ராத்திரியே உள்ளீட்டின் பெயரை "எடை, கிலோவில்" என்று மாற்றினேன். விளக்கத்தில், "மூட்டை என்று மட்டும் சொன்னால் 40 கிலோவா 60 கிலோவா என்று கேள், பதில் வந்த பிறகே பதிவு செய்" என்று சேர்த்தேன். அதற்குப் பிறகு இந்தத் தவறு வரவில்லை.

தேதியில் வந்த சிக்கல் இதைவிட மோசம், ஏனென்றால் வெளியே தெரியவே இல்லை. மேட்டூர் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டித்தான் குறுவைக்கு விதைநெல் மும்முரமாகப் போகும். அந்த நாள் விற்பனையைக் கேட்டபோது ஏஜென்ட் 12-06 என்று அனுப்ப, என் நிரல் அதை டிசம்பர் 6 என்று படித்து காலிப் பட்டியலைத் திருப்பித் தந்தது. "அன்று விற்பனை எதுவும் இல்லை" என்று ஏஜென்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. குற்றம் என்னுடையது. இப்போது ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் இல்லாத தேதியைக் கருவி ஏற்காது. வெறுமனே பிழை எண்ணைத் தராமல், "தேதியை 2025-06-12 போல அனுப்பு" என்று பிழைச் செய்தியிலேயே சொல்லும். ஏஜென்ட் அதைப் படித்துத் தானே திருத்தி அனுப்பிவிடுகிறது. என்னைக் கேட்டால், விளக்கத்துக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியைப் பிழைச் செய்திகளுக்குக் கொடுக்கலாம்.

நில அளவும் அப்படித்தான். உரம் கேட்டு வருபவர் "ஆறு மா" என்பார். இங்கே 100 குழி ஒரு மா, சுமார் 33 சென்ட், அதனால் ஆறு மா என்பது ஏறக்குறைய இரண்டு ஏக்கர். குழி ஊருக்கு ஊர் மாறும். எங்கள் கணக்கை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். பருவத்துக்குக் குறுவை, சம்பா, தாளடி மூன்றில் ஒன்றை மட்டுமே ஏற்கும்படி செய்துவிட்டேன்.

எல்லாவற்றையும் விரிவாக எழுதினால் சரியாகிவிடும் என்று நடுவில் ஒரு மாதம் நம்பினேன். விளக்கம் முழுவதும் ஒவ்வொரு உரையாடலிலும் மாடலுக்குப் போகிறது, செலவு ஏறியது. ஒரே மாதிரிப் பெயருள்ள இருப்புக் கருவிகள் மூன்று இருந்ததால் எதை அழைப்பது என்று குழம்பியது. 23 கருவிகளை 9 ஆக்கினேன். எப்போது அழைக்கக் கூடாது என்பதையும் ஒவ்வொன்றிலும் ஒரு வரி எழுதினேன். அப்புறம், கடையில் உண்மையாகக் கேட்ட 40 கேள்விகளைச் சேர்த்து வைத்து, விளக்கத்தில் ஒரு சொல் மாறினாலும் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கிறேன்.

பதிவை அழிக்கும் கருவியை மட்டும் ஏஜென்ட்டிடம் இன்னும் கொடுக்கவில்லை. மற்ற விளக்கங்களைத் தாளில் அச்செடுத்துக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறேன். போன வாரம் அவர் சிவப்பு மையில் ஒரு கேள்வி எழுதித் தந்தார்: "எடைன்னா சாக்கோடயா, சாக்கு கழிச்சா?" அதற்கான வரியை இனிமேல்தான் எழுத வேண்டும்.