ஆறடி ஃபின்ச் கூண்டு: வேலை சுத்தம், யோசனைதான் தப்பு

திருநகர் வீட்டு மாடியில் வைப்பதற்காக மதுரையிலேயே ஒரு கடையில் அளவு கொடுத்து, ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஆறடி உயரத்தில், தினை தின்னும் சின்னக் குருவிகளான ஃபின்ச்சுக்குக் கூண்டு செய்து வாங்கினேன். ஏழு மாதம் ஆகிறது. வேலை சுத்தம். அரை இன்ச் வலை, வெல்டிங் முனைகளை எல்லாம் தேய்த்துத்தான் கொடுத்தார்கள், இரட்டைக் கதவு இருப்பதால் தினை வைக்கப் போகும்போது இதுவரை ஒரு குருவிகூட வெளியே பறந்ததில்லை. சித்திரை வெயிலுக்கு நனைத்த சாக்கு தொங்கவிட மேற்குப் பக்கம் கொக்கி கேட்டேன், அதையும் வைத்துத் தந்தார்கள். அடித்தட்டு மட்டும் மெலிசு, கழுவினால் நடுவில் தண்ணீர் தேங்குகிறது.

என் வருத்தம் வேறு. "எல்லாம் ஃபின்ச்தானண்ணே, ஒண்ணா விட்டுருங்க, தானா ஜோடி சேந்துக்கும்" என்று சொல்லி, அதே கடையில் ஃபின்ச் வகைகளில் ஜீப்ரா மூன்று ஜோடி, பெங்காலி இரண்டு ஜோடி, கோல்டியன் ஒரு ஜோடி என்று கொடுத்து, முட்டையிட்டு அடைகாக்கக் கணக்காக ஆறே கலயம் கட்டிவிட்டார்கள்.

பெங்காலி ஐந்து முட்டை வைத்து அடை உட்கார்ந்திருந்தது. ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், ஆண் ஜீப்ரா ஒன்று தேங்காய் நாரை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு அந்தக் கலயத்துக்குள்ளேயே போய்ப் போய் வருகிறது. விரலை விட்டுத் தடவினால் முட்டைகள் நாருக்கு அடியில், சில்லென்று. பெங்காலி ஜோடி குச்சியில் ஒட்டி உட்கார்ந்திருந்தது, எதிர்த்து நிற்கத் தெரியாத குருவி. கோல்டியன் அதைவிடப் பாவம், தீனித் தட்டுக்கு வந்தாலே ஜீப்ரா விரட்டியது.

நார் கிடைக்கிற வரைக்கும் ஜீப்ரா கட்டிக்கொண்டேதான் இருக்கும், தன் முட்டைமேலேயே அடுத்த அடுக்கு போடும். இதை விற்கிறவர் சொல்லியிருக்க வேண்டும். கோல்டியனைத் தனிக் கூண்டுக்கு மாற்றினேன். ஜோடிக்கு இரண்டு கலயம், எல்லாம் ஒரே உயரத்தில், ஏனென்றால் சண்டையே மேலே இருக்கிற கலயத்துக்குத்தான். முட்டை விழுந்ததும் மிச்ச நாரை எடுத்துவிடுகிறேன், தீனி மூன்று இடத்தில். இப்போது பெங்காலி கலயத்தில் நான்கு குஞ்சு, சாயங்காலம் பக்கத்தில் போனாலே இரைச்சல்.

ஜாவா குருவியையும் சேர்க்கச் சொன்னார்கள், நான் வாங்கவில்லை. அந்தக் கனத்த அலகுக்கு முன்னால் ஜீப்ராவின் கால் எம்மாத்திரம்? அப்புறம், வயலில் திரியும் சில்லைக் குருவியைப் பிடித்து இதோடு விடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கூண்டைத் தாராளமாக வாங்கலாம், அடித்தட்டை மட்டும் கனமாகக் கேளுங்கள். குருவியை அன்றைக்கே அங்கேயே மொத்தமாக வாங்க வேண்டாம்.