பூண்டு இல்லாமல் இரண்டேகால் வருஷம்: பசியைச் சமாளித்த கதை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. நடுவில் 22 கிலோமீட்டர். ரெட்டிச்சாவடி தாண்டிக் கன்னியக்கோயில் வருவதற்குள் வயிறு இரைய ஆரம்பித்தால் அந்த 22 கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்பது ஐ.பி.எஸ். எனப்படும் எரிச்சல் குடல் நோய் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். சாப்பிட்ட அரை மணியில் வயிறு கல் மாதிரி உப்பும், முறுக்கும், அப்புறம் ஓட்டம். நாலைந்து வருஷம் 'கேஸ்' என்று எனக்கு நானே பெயர் வைத்து, மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு ஓட்டினேன்.

ஒருவழியாகக் குடல் மருத்துவரிடம் போனபோது, அவர் முதலில் வேறு நோய் எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்தார். ரத்தம், மலம், தைராய்டு, கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். சீலியாக் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். நாமாகச் சப்பாத்தியை நிறுத்திவிட்டுப் போய் எடுத்தால், நோய் இருந்தாலும் தெரியாமல் போகலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு இருந்தால் உணவுக் கட்டுப்பாடு பற்றி யோசிக்காமல் நேராக மருத்துவரிடம் போங்கள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. ஐ.பி.எஸ். என்று முடிவானது. உணவியல் நிபுணர் ஒருவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்.

அதுதான் குறைந்த ஃபாட்மேப் உணவுமுறை. ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. பெயர் வந்தது 2005-ல். ஃபாட்மேப் என்பது சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சிலவகைச் சர்க்கரைகளுக்கான பொதுப்பெயர். அவை தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைக்க, வாயு உண்டாகிறது. இது எல்லோருக்கும் நடப்பதுதான். ஐ.பி.எஸ். குடலுக்கு அந்த விரிவு வலியாகத் தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பருப்பு வகைகளில் இருக்கும் ஒரு சர்க்கரையை உடைக்க மனிதக் குடலில் என்சைமே கிடையாதாம். வெங்காயம், பூண்டு, கோதுமையில் இருப்பது ஃப்ரக்டான். அதற்கும் இதே கதைதான்.

தாளைப் பார்த்த அத்தை ஒரு நிமிஷம் பேசவில்லை. "ஏம்மா, வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, துவரம்பருப்பு கிடையாது, பால் கிடையாது. அப்ப சோத்தை எதுல போட்டுப் பிசையறது?"

நியாயமான கேள்வி. முதல் மாதம் நான் பிசைந்தது தெளிவான ரசத்தில், அதுவும் பூண்டு இல்லாமல். உப்புசம் பத்து நாளில் பாதியாகக் குறைந்தது. ஆனால் பசி? காலை ஏழு மணிக்கு மூன்று இட்லி தின்றால் பத்தரைக்கு வயிறு காந்தும். கூடுதலாகத் தின்னலாம் என்று இட்லியை ஐந்தாக்கினேன். மதியம் இரண்டு கப் சோறு. பழைய உப்புசம் வேறு வாசல் வழியாக வந்துவிட்டது. தவறான பொருளைச் சாப்பிடாவிட்டாலும், ஒரே வேளையில் நிறையச் சாப்பிட்டால் என் வயிறு சும்மா இருக்காது. குறைவாகச் சாப்பிட்டால் பசி, நிறையச் சாப்பிட்டால் வலி. மூன்று மாதத்தில் 54 கிலோவிலிருந்து 49-க்கு இறங்கினேன். அலுவலகத்தில் "மெலிஞ்சிட்டீங்களே, என்ன டயட்?" என்று ஆர்வமாகக் கேட்டார்கள். அடிக்கத் தோன்றியது.

வயிறு நிறைவது ஒன்று, பசியாறுவது இன்னொன்று என்று எனக்குப் புரிய அந்த மூன்று மாதம் ஆனது. அந்தத் தாள் எதை நீக்க வேண்டும் என்றுதான் சொன்னது. நீக்கியதில் பருப்பு, தயிர், பால், சுண்டல் எல்லாம் போய்விட்டன. அதாவது, முட்டையும் மீனும் தினம் சமைக்காத வீட்டில் புரதம் முக்காலும் போய்விட்டது. மிச்சம் இருந்தது மாவுச்சத்து மட்டும். பசிக்காமல் என்ன செய்யும்?

முதலில் மாற்றியது காலைச் சாப்பாடு. இப்போது இரண்டு இட்லி, இரண்டு முட்டையில் ஒரு பொடிமாஸ். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி மட்டும். அடியிலுள்ள வெள்ளைப் பகுதி ஆகாது. வெங்காயத்தாள் எனக்குக் கிடைப்பது புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில். வாரம் ஒரு கட்டு வாங்கி, நறுக்கி டப்பாவில் வைத்துவிடுவேன். இரண்டு முட்டையில் ஏறத்தாழ 12 கிராம் புரதம். இந்த ஒரு மாற்றத்திலேயே பத்தரை மணிப் பசி பன்னிரண்டுக்குத் தள்ளிப் போனது.

பூண்டெண்ணெய் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் சண்டையை நிறுத்தியது அதுதான். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே நல்லெண்ணெயைக் காயவைத்து, நசுக்கிய நாலு பல் பூண்டைப் போட்டு, சிறுதீயில் பொன்னிறமாகும்வரை விட்டு, ஒரு துண்டுகூடத் தங்காமல் வடிகட்டி எடுத்தால் மணம் முழுக்க எண்ணெயில் நிற்கும், வயிற்றைப் படுத்தும் பொருள் பூண்டோடு போய்விடும். அந்தப் பூண்டை அத்தை உப்புத் தொட்டுத் தின்றுவிடுவார். அந்த எண்ணெயில் கடுகு தாளித்து ரசத்தில் கொட்டினால் வாசல்வரை வாசனை வரும். இரண்டு எச்சரிக்கை: ரசம் கொதிக்கும்போது பூண்டைப் போட்டுப் பிறகு பொறுக்கி எடுப்பது பயன்படாது, அதற்குள் ஃப்ரக்டான் தண்ணீரில் இறங்கியிருக்கும். இன்னொன்று, வீட்டில் செய்த பூண்டெண்ணெயை வெளியில் வைக்கவே கூடாது. நச்சுக் கிருமி வளர வாய்ப்பு உண்டு. நான் அன்றன்றைக்குத்தான் செய்கிறேன்.

பெருங்காயமும் கைகொடுக்கிறது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது சகஜம். ஒரு சிட்டிகை என்னை ஒன்றும் செய்வதில்லை. சீலியாக் இருப்பவர்கள் மட்டும் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

மதியத்துக்கு மீன். மீனில் ஃபாட்மேப் கிடையாது. கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் மத்தியும் நெத்திலியும் வந்தால் வீட்டில் அன்றைக்குத் திருவிழா. புளி, அளவான தக்காளி, மிளகாய்த்தூள், பூண்டெண்ணெய், இறக்கும்போது வெங்காயத்தாள். ஒரு கப் சோறு, நாலு மத்தி, பக்கத்தில் வெண்டைக்காயோ பீன்ஸோ ஒரு கைப்பிடிப் பொரியல். நாலு மணிவரை தாங்கும். பால் குறைந்த எனக்கு முள்ளோடு தின்னும் நெத்திலியும் கேழ்வரகும்தான் கால்சியத்துக்கு வழி. டப்பாவைத் திறந்ததும் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து போவார். போகட்டும்.

கஷ்டம் வருவது ஏப்ரல் 15-ல். அன்று தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகு மீன் வரும், விலை எட்டாது. சரியாக அதே சமயம்தான் பண்ருட்டிப் பலா இறங்கும். பஸ்ஸில் யாராவது ஒரு பழத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் புதுச்சேரி வரை அந்த வாசனைதான். நாலு சுளை தின்று பார்த்து ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்திருக்கிறேன். பண்ருட்டியின் இன்னொரு பெருமையான முந்திரியும் எனக்கு ஆகாது. ஃபாட்மேப் அதிகமுள்ள கொட்டை அது. நம் மாவட்டத்துப் பெருமை எல்லாம் எனக்கு விரோதமாகவே இருக்கிறதே என்று நினைத்தபோது கைகொடுத்தது மல்லாட்டை என்கிற வேர்க்கடலை. இதற்கு ஃபாட்மேப் குறைவு. ஒரு கைப்பிடியில் ஏழு கிராம் புரதம், கூடவே கொழுப்பு. வறுத்ததை ஒரு சின்ன டப்பாவில் போட்டு எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். ஒரு கைப்பிடியோடு நிறுத்த வேண்டும். இரண்டாவது கைப்பிடிக்குக் கொழுப்பே வயிற்றைக் கலக்கிவிடும்.

நாலு மணிப் பசிக்கு உருளைக்கிழங்கு. "கிழங்கு வாயு" என்று அத்தை அடித்துச் சொன்னார். ஆனால் உருளையில் ஃபாட்மேப் மிகக் குறைவு. 1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, எது பசியை எவ்வளவு அடக்குகிறது என்று அளந்தார்கள். வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்தால், அவித்த உருளைக்கிழங்கு 323, முதலிடம். கடைசி இடம் 47 வாங்கிய குரோசான்ட் என்ற பிரெஞ்சு வெண்ணெய் ரொட்டி. புதுச்சேரியில் வேலை பார்த்துக்கொண்டு இதைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் யார் பிறந்தநாளென்றாலும் மிஷன் வீதிப் பக்கத்திலிருந்து ஒரு பெட்டி குரோசான்ட் வரும். எனக்கு அது மைதா, வெண்ணெய், பசி அடங்காமை என்று மூன்று வகையிலும் நஷ்டம். நான் இரண்டு அவித்த கிழங்கில் உப்பும் மிளகும் தூவி, எள்ளுப்பொடியில் புரட்டித் தின்பேன். பார்க்க ஏழைப் பலகாரம்தான். வீடு போய்ச் சேரும்வரை வயிறு வேறு எதுவும் கேட்காது.

வாங்கிய பொருட்களில் சமையல் தராசு முதல் ஆறு வாரம் உயிர். பீன்ஸ் 75 கிராம் என்றால் எவ்வளவு என்பது கண்ணுக்குப் பழகியபின் ஃபிரிட்ஜ் மேல் ஏறிவிட்டது. மோனாஷின் செயலி பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு போட்டு அளவு சொல்லும். உபயோகமானதுதான், ஆனால் பத்துப் பொருள் சேர்ந்த நம் குழம்புக்குக் கணக்கை நாம்தான் போட வேண்டும். இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி மெதுவாகப் பழகியது: அரை ஸ்பூனில் ஆரம்பித்து ஒன்றுக்கு வந்தேன், நிறையத் தண்ணீரோடு. இரவில் குடித்தால் கனம், முற்பகலில் குடித்தால் பசிக்கு ஒரு தாங்கல்.

பெரிய தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த முழு விலக்கு 2 முதல் 6 வாரத்துக்கு மட்டும்தான். அதன்பிறகு ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாளின் பின்பக்கத்தில் தெளிவாக அச்சிட்டிருந்தது. நான் புரட்டவே இல்லை. வலி போன நிம்மதியில், பயத்தில், ஏழு மாதம் அப்படியே இருந்தேன். யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் பொய் சொல்லித் தவிர்ப்பேன். மறுபடி போனபோது நிபுணர் திட்டினார். நல்ல பாக்டீரியாக்களுக்கும் தீனி வேண்டுமே, எதற்கு இப்படிப் பட்டினி போடுகிறீர்கள் என்று கேட்டார்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சோதித்தேன்: மூன்று நாள் அளவைக் கூட்டிக்கொண்டே போவது, சில நாள் இடைவெளி, அடுத்த வகை. பால் அரை டம்ளர் தாங்குகிறது; தயிர்சாதம் திரும்பிவிட்டது, அன்றைக்கு அழுதேன் என்றால் நம்புவீர்களா? ராத்திரி ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்த பருப்பு ஒரு கரண்டி சரி, இரண்டு கூடாது. மாம்பழம் ஒரு கீற்று. சின்ன வெங்காயம் இரண்டு. பரோட்டா பாதி, அதுவும் விடுமுறை நாளில். பூண்டுதான் கடைசிவரை மசியவில்லை.

எடை இப்போது 53. வாரத்தில் ஒரு நாள் வயிறு மக்கர் பண்ணும்; பெரும்பாலும் கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில், சாப்பாட்டில் ஒரு தப்பும் இல்லாமலே. தடைக்காலம் நெருங்குகிறது. நேற்று அத்தை முதுநகர் போய் இரண்டு கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கி வந்து மாடியில் காயப்போட்டிருக்கிறார். காக்கை ஓட்டும் வேலை எனக்கு.