மோசர் பேயர் போய்விட்டது, டிவிடி ஓடுகிறது

இணையக் கடையில் படங்களை 'வாங்கி'ப் பார்க்கத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மாதச் சந்தா கட்டும் ஓடிடியைச் சொல்லவில்லை. ஒரு படத்துக்கென்று தனியாகப் பணம் கட்டி, 'வாங்கு' பொத்தானை அழுத்தி, கணக்கில் 'என் படங்கள்' பட்டியலில் சேர்த்துக்கொள்கிறோமே, அதைச் சொல்கிறேன். வீட்டில் இன்னொரு பக்கம் பழைய டிவிடிகள் பெட்டி நிறையக் கிடக்கின்றன. இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டவை இவை.

வசதிக்குக் குறைவில்லை. டிவியில் பாதியில் நிறுத்திய படத்தைப் போனில் அதே இடத்திலிருந்து தொடரலாம். அலமாரியில் இடம் வேண்டாம், தட்டைத் துடைத்துத் துடைத்துப் போட வேண்டாம். பழைய படங்கள் சிலவற்றைப் புதுப்பித்த பிரதியில் பார்த்தபோது, டிவிடியில் சாம்பல் கோடாகத் தெரிந்ததெல்லாம் மழை என்று புரிந்தது. டிவியில் பார்க்கிற வரைக்கும் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை.

போனில்தான் வம்பு ஆரம்பித்தது. ஒரு படத்தை எச்டி விலை கொடுத்து வாங்கினேன். எஸ்டிக்கு (சாதாரணத் தெளிவு) ஒரு விலை, எச்டிக்கு அதைவிடக் கூடுதல் விலை. ஓட்டினால் முகமெல்லாம் மங்கல். நெட் வேகம் சரி, செட்டிங்கில் 'உயர் தரம்' என்றுதான் இருக்கிறது. கடைசியில், நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு (டிஆர்எம்) போனில் எந்த வகை என்று காட்டும் டிஆர்எம் இன்ஃபோ என்ற சின்ன ஆப்பைப் போட்டுப் பார்த்தேன். 'வைட்வைன், பாதுகாப்பு நிலை: எல்3' என்று காட்டியது.

வைட்வைன் என்பது கூகுளின் பூட்டு. ஆண்ட்ராய்டு போன்களில் வீடியோவைக் காப்பது பெரும்பாலும் அதுதான். எல்1 என்றால் பூட்டைத் திறப்பதும் சுருக்கி அனுப்பிய படத்தை விரிப்பதும் சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்பான பகுதியிலேயே நடக்கும். எல்3 என்றால் எல்லாம் வெறும் மென்பொருளில். எல்3 போனுக்குப் பல சேவைகள் 480பி-க்கு (480 வரிப் படம்) மேல் தருவதில்லை. எல்1 போனாகவே இருந்தாலும் போனை இயக்கத் தொடங்கும் மென்பொருளான பூட்லோடரின் பூட்டைத் திறந்தால் பலவற்றில் எல்3-க்கு இறங்கிவிடும். டிவிடியில் இருப்பதும் 480 அல்லது 576 வரிகள்தான். ஆக, எச்டி விலை கொடுத்து நான் பார்த்தது டிவிடி தரம். கடையின் உதவிச் சாட்டில் கேட்டால் 'உங்கள் கருவி இந்த வசதியை ஆதரிக்கவில்லை' என்றார்கள். விலை வித்தியாசத்தைத் திருப்பித் தரும் பேச்சே எழவில்லை.

அப்புறம் ப்ரொஜெக்டர். மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ வயரில் பழைய ப்ரொஜெக்டருக்குக் கொடுத்தால் சத்தம் வருகிறது, படம் வரவில்லை. காரணம் எச்டிசிபி என்ற இன்னொரு பூட்டு. வயரின் இரண்டு முனையிலும் இருக்கும் கருவிகள் ஒன்றுக்கொன்று அத்தாட்சி காட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் படத்தை அனுப்பாது. திருட்டுப் பிரதியை இறக்கியவனுக்கு இந்தக் கருப்புத் திரை வராது என்பதுதான் எரிச்சல். அவனிடம் இருப்பது பூட்டே இல்லாத கோப்பு. பூட்டு முழுக்கப் பணம் கொடுத்தவன் தலையில்.

சேரன் எக்ஸ்பிரஸில் பார்க்கலாம் என்று முந்தின நாளே இறக்கி வைத்த படம், வண்டியில் சிக்னல் இல்லாத இடத்தில் 'உரிமத்தைப் புதுப்பிக்க இணையம் தேவை' என்று நின்றதும் உண்டு. அதை அதிகம் பேச வேண்டாம், எல்லோருக்கும் நடந்திருக்கும்.

இப்போது டிவிடிப் பெட்டி. அதில் பாதிக்கு மேல் மோசர் பேயர் என்ற இந்தியக் கம்பெனி வெளியிட்ட தட்டுகள். 2007 வாக்கில் தமிழ்நாட்டில் கடைக்குக் கடை தொங்கினவை: விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய். அதற்கு முன் ஒரு அசல் டிவிடியின் விலையைக் கேட்டாலே திருட்டு விசிடி கிடைத்த சென்னை பர்மா பஜார் பக்கம்தான் கால் போகும். திருட்டு விசிடியை ஒழிக்க 2004-ல் குண்டர் சட்டத்திலேயே வீடியோ திருட்டைச் சேர்த்தார்கள். சினிமாக்காரர்களின் கோபம் நியாயமானதுதான். ஒரு படத்தில் முடங்கும் பணம் எத்தனை பேருடைய பிழைப்பு என்பது தெரியாதவர்கள் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் திருட்டுத் தட்டு நுழைவதை நிறுத்தியது குண்டர் சட்டம் இல்லை, அந்த 34 ரூபாய்தான்.

அந்தத் தட்டுகளைப் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். சுமாரான அச்சு, பெரிய டிவியில் போட்டால் பல்லிளிக்கும். மெனுவுக்கு முன்னால் வரும் லோகோவையும் எச்சரிக்கையையும் தாண்டவே முடியாது. ரிமோட்டை அழுத்தினால் திரையில் ஒரு தடை அடையாளம் வரும், அவ்வளவுதான். ரீஜன் கோடு கொடுமை வேறு. உலகத்தைப் பங்கு போட்டு இந்தியாவுக்கு 5, அமெரிக்காவுக்கு 1 என்று எண் கொடுத்திருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த தட்டைக் கணினியில் போட்டால், டிரைவின் ரீஜனை மாற்றவா என்று கேட்கும். மொத்தம் 5 முறைதான் மாற்றலாம், கடைசியாக எந்த எண்ணில் நிற்கிறதோ அதிலேயே டிரைவ் நிரந்தரமாக உறைந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய பொருளில் நமக்குத் தெரியாமல் நிபந்தனை ஒளித்து வைக்கும் வழக்கம் ஓடிடி காலத்தில் தொடங்கியதில்லை.

ஆனாலும் ஒரு விஷயம். மோசர் பேயர் கம்பெனி நொடித்துப்போய், 2018-ல் அதைக் கலைக்கச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. என் தட்டுகளுக்கு அது தெரியாது. அவை ஓட யாருடைய சர்வரும் வேண்டாம், எந்த இரண்டு கம்பெனிகளின் ஒப்பந்தமும் உயிரோடு இருக்க வேண்டாம்.

'வாங்கிய' டிஜிட்டல் படத்துக்கு இவை எல்லாம் வேண்டும். பிளேஸ்டேஷன் கடையில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு 2023 டிசம்பரில் சோனி ஓர் அறிவிப்பு அனுப்பியது: உரிம ஏற்பாடு முடிகிறது, அந்த மாதம் 31-ஆம் தேதியோடு உங்கள் கணக்கிலிருந்து இவை நீங்கும். எதிர்ப்பு கிளம்பியது. சில வாரங்களில் புது ஏற்பாடு செய்து நீக்கத்தை நிறுத்திவைத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் ஜெர்மனி, ஆஸ்திரியா வாடிக்கையாளர்களின் ஸ்டூடியோகனால் என்ற பட நிறுவனத்தின் படங்களுக்கும் இதே மாதிரி அறிவிப்பு போயிருந்தது.

சந்தா சேவைகளில் இது அன்றாடம். 2023 மார்ச் கடைசியோடு ஹாட்ஸ்டாரிலிருந்து அமெரிக்க எச்பிஓ சேனலின் தொடர்கள் மொத்தமாகக் கிளம்பின. 'அன்னபூரணி' நெட்ஃபிளிக்ஸுக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், புகார்களுக்குப் பின் 2024 ஜனவரியில் எடுக்கப்பட்டது. படம் சரியா தவறா என்பது தனிச் சண்டை. டிவிடியில் வந்திருந்தால் விற்பனையைத்தான் நிறுத்தியிருக்க முடியும், வீடு வீடாக வந்து தட்டை வாங்கிப் போயிருக்க முடியாது. பிரைம் வீடியோவில் 2025 ஜூன் 17 முதல் விளம்பரம். அது வேண்டாம் என்றால் மாதம் 129 ரூபாய் தனியாக. ஒரு வருடச் சந்தாவை முன்பே கட்டியவர்களுக்கும் நடுவழியில் அதேதான்.

சந்தா என்றால் சரி, மாத வாடகை என்று தெரிந்தேதான் கட்டுகிறோம். 'வாங்கு' பொத்தான்தான் எனக்கு உறுத்துகிறது. வாடகை வீட்டைக் காட்டி, கிரயப் பத்திரம் என்று தலைப்புப் போட்டுக் கையெழுத்து வாங்கினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுவார்களா? நிபந்தனைகளைத் திறந்து படித்தால், நமக்குக் கிடைப்பது பார்ப்பதற்கான உரிமம் மட்டும், பிறருக்கு மாற்றித் தர முடியாது என்று பொடி எழுத்தில் இருக்கும். கலிபோர்னியாவில் இதற்கென்றே ஒரு சட்டம், ஏபி 2426, 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. உரிமம்தான் தருகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லை டிஜிட்டல் பொருளுக்குப் போடக் கூடாது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளும்படி விற்பவர்களுக்கு விலக்கு உண்டு. உரிமத்தைப் பறிப்பதை அது தடுக்கவில்லை, பெயரை மட்டும் ஒழுங்காகச் சொல்லச் சொல்கிறது. அதுவே பெரிய விஷயம்.

இந்தியாவில் 2023 நவம்பரில் இணைய வணிகத்தின் ஏமாற்று வடிவமைப்புகள் 13-ஐப் பட்டியலிட்டு வழிகாட்டு நெறிகள் வந்தன. சந்தாவை எளிதில் ரத்து செய்ய விடாத சந்தாப் பொறி அதில் இருக்கிறது. டிஜிட்டல் 'வாங்கு' பொத்தானுக்கென்று தனியாக ஒரு வரி இல்லை. சேர்த்திருக்கலாம்.

இதில் நம்மைவிடத் துடிப்பானவர்கள் கேம் ஆடுபவர்கள். 2014-ல் வந்த 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வர்களை அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் கம்பெனி 2024 மார்ச் 31-ல் அணைத்தது. தனியாக ஆடவும் சர்வர் தேவை என்பதால் காசு கொடுத்தவர் எல்லோருக்கும் கேம் போச்சு. அதிலிருந்து கிளம்பியதுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் தொடங்கிய மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. காலம் முழுக்க சர்வர் நடத்து என்று அவர்கள் கேட்கவில்லை, மூடும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். படம் பார்க்கிற நாம் இந்த அளவுக்குக்கூடக் கேட்டதில்லை.

சரி, இப்போது நான் எப்படி நடத்துகிறேன் என்றால், ஒரு தடவை பார்க்கும் படத்துக்கு இணையக் கடையில் வாடகை. திரும்பத் திரும்பப் பார்ப்போம் என்று தெரிந்த படத்துக்குத் தட்டு கிடைத்தால் தட்டு. 'வாங்கு' விலை வாடகையைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்றால் மட்டும் அந்தப் பக்கம் போகிறேன். கணக்கு என் பெயரில் இருக்கும் வரைதான் அது என்று கணக்குப் போட்டே போகிறேன்.

பழைய தட்டுகளை ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் யுஎஸ்பி டிரைவ் ஒன்றை வைத்து ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். சட்டப்படி சரியா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் 1998 டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம், விலக்குப் பெறாத வரை, தட்டில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டை உடைப்பதையே தவறாகப் பார்க்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் 2 வருடம் வரை சிறை என்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத காரியத்துக்காக உடைப்பதற்கு அது இடம் விடுகிறது. சொந்த உபயோகத்துக்கான நியாயமான கையாளுதல் 52-ஆம் பிரிவில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், என் டிவிடியை என் டிஸ்க்கில் ஏற்றிக்கொள்வதில் தப்பில்லை என்றே படுகிறது. நான் வக்கீல் இல்லை. அந்த நகலை வாட்சப் குழுவில் சுற்றவிட்டால் கதை வேறு.

நீங்களும் ஏற்றப் போகிறீர்கள் என்றால், ஓரத்தில் பழுப்பேறிய தட்டுகளை முதலில் எடுங்கள். டிவிடியில் தகவல் உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகிறது. படம் முழுக்க நிறைந்த ஒற்றை அடுக்குத் தட்டில் ஓரம் கெட்டால் முதலில் போவது கிளைமாக்ஸ்.