மீனுக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று: நிலாவெளி மாணவருக்கு ஓர் உசாத்துணை அலசல்

நிலாவெளியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் இறுதியாண்டு ஆய்வு தொடங்கும் பிள்ளைகள் பலரும் முதலில் திறப்பது கூகுள் ஸ்கொலரைத்தான். கட்டுரை தேட அது போதும். ஆனால் ஒரு மீன் எவ்வளவு வளரும், ஒரு சேர்வையின் கொதிநிலை என்ன என்று ஒரே ஒரு தகவல் வேண்டுமென்றால் நாற்பது கட்டுரைகளைக் கிளறத் தேவையில்லை. அதற்கென்றே தரவுத்தளங்கள் இருக்கின்றன. எதற்கு எதைத் திறப்பது என்பதுதான் கேள்வி.

கடலிலிருந்து தொடங்குவோம், திருகோணமலையில் ஆய்வுக்குப் பொருள் அங்கேதான் கொட்டிக் கிடக்கிறது. மீன்களுக்கான தரவுத்தளமான ஃபிஷ்பேஸில் (FishBase) அறுக்குளாவை அதன் விஞ்ஞானப் பெயரில் தேடினால், அதிகபட்ச நீளம் 240 சென்ரிமீற்றர், எடை 70 கிலோ என்று வரும். முக்கியமானது அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் உசாத்துணை இலக்கம். அதைச் சொடுக்கினால் தரவு எந்த நூலிலிருந்து வந்தது என்று தெரியும். ஆய்வேட்டில் காட்ட வேண்டியது அந்த மூலத்தை, அதுவும் படித்துப் பார்த்த பிறகு. ஒரு குறை: ஃபிஷ்பேஸ் மீனுக்கு மட்டும்தான். நண்டு, இறால், கணவாய், கடலட்டைக்கு அதன் தங்கை சீலைஃப்பேஸ் உண்டு. ஆனால் தரவு அவ்வளவு அடர்த்தியில்லை.

கடல் உயிரினங்களுக்கான வோர்ம்ஸ் (WoRMS) வேறு இரகம். அங்கே நீளத்தையும் எடையையும் தேடிப் போகாதீர்கள். அது பெயர்ப் பதிவேடு: எந்தப் பெயர் இன்று செல்லும், எது பழையது, யார் எந்த ஆண்டில் வைத்தது என்பதையெல்லாம் சொல்லும். இதெல்லாம் சில்லறை விஷயம் என்று நினைப்பவர்கள் நீலக்கால் நண்டைப் பார்க்கட்டும். போர்ட்டுனஸ் பெலாஜிகஸ் என்ற ஒரே இனமாக இருந்ததை 2010இல் நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். அதற்கு முந்திய ஆய்வேடுகளில் உள்ள பெயரை அப்படியே பார்த்தெழுதினால், நீங்கள் அளந்த நண்டு வேறாக இருக்கலாம். வோர்ம்ஸ் நான்கு பெயரையும் காட்டும். உங்கள் கையில் இருப்பது எது என்று அது சொல்லாது, நண்டைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும். ஆக, முதலில் வோர்ம்ஸில் பெயரைச் சரிபார்த்துவிட்டு அப்புறம் ஃபிஷ்பேஸுக்குப் போவதே என் முறை.

இரசாயனத்தில் போட்டி பப்கெம் (PubChem), நிஸ்ட் வெப்புக் (NIST WebBook) என்ற இரண்டு தரவுத்தளங்களுக்கிடையில். பப்கெமில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட சேர்வைகள் உண்டு. பல இடங்களிலிருந்து திரட்டுவதால் ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று உருகுநிலைகள் வரிசையாக நிற்கும். அதைக் குறையென்பார்கள், எனக்கு அது நேர்மையாகவே படுகிறது. அபாயக் குறியீடுகளுக்கும் அதுவே வசதி. வெப்புக் சிறியது. ஆனால் உங்கள் அகச்சிவப்பு நிறமாலையை ஒப்பிடவோ வெப்ப இரசாயனத் தரவு எடுக்கவோ நேரே அங்கே போங்கள். கட்டணம் கேட்கும் சிஆர்சி (CRC) இரசாயன, பௌதிகத் தரவுக் கையேட்டின் இணையப் பதிப்பு இல்லையே என்று கவலைப்படுபவர்கள், நூலக அலுமாரியில் பழைய அச்சுப் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். எதனோலின் கொதிநிலை பதிப்புக்குப் பதிப்பு மாறாது.

ஃபிஷ்பேஸ், வோர்ம்ஸ், பப்கெம், வெப்புக் நான்கும் இலவசம். விடுமுறைக்கு மூதூரோ கிண்ணியாவோ போனாலும் கைப்பேசியில் திறக்கும். நூலகங்கள் சந்தா கட்டி எடுக்கும் தரவுத்தளங்கள் பெரும்பாலும் வளாக வலையமைப்புக்குள் மட்டும்தான் திறக்கும். வெளியிலிருந்து நுழைய நூலகம் தனி வழி தந்திருக்க வேண்டும். வளர்முக நாட்டு நிறுவனங்களுக்கு ஆய்வுச் சஞ்சிகைகளைத் திறந்துவிடும் ரிசேர்ச்ஃபோர்லைஃபில் (Research4Life) நிறுவனம்தான் பதிவு செய்யலாம், மாணவர் தனியே முடியாது. கடவுச்சொல் இருக்கிறதா என்று நூலகரிடமே கேளுங்கள். சஞ்சிகைகளின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோரில் (JSTOR) சொந்தக் கணக்குத் திறந்தால் மாதம் 100 கட்டுரை வரை இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம். பல சஞ்சிகைகளின் கடைசிச் சில ஆண்டுகள் மட்டும் அங்கே இருக்காது.

கொட்டியாரக் குடாவையோ புறாத்தீவையோ பற்றி எழுதுபவர்கள், சந்தா கட்டி எடுக்கும் கட்டுரைத் தேடல் தளமான ஸ்கோபஸ் (Scopus) இல்லையென்று வருந்துவதற்கு முன், இலங்கைச் சஞ்சிகைகளை இலவசமாகத் தரும் எஸ்எல்ஜோல் (SLJOL) தளத்தைத் தேடிப் பாருங்கள். நம் கரையோரத்தைப் பற்றிய சின்னச் சின்ன ஆய்வுகள் உள்ளூர்ச் சஞ்சிகைகளில்தான் வெளிவருகின்றன; அவற்றில் பலவற்றை ஸ்கோபஸ் சேர்ப்பதேயில்லை.